சுழியிலிருந்து மரபணு வரை

தஞ்சோங் மாலிம் நகரின் தெற்கே பெர்ணம் ஆறு ஓடுகிறது. வடகரை பேராக் மாநிலம், தென்கரை சிலாங்கூர். 1922 ஆம் ஆண்டில் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி இங்குத் தோன்றியதால், மலாய்க் கல்வி வரலாற்றில் இந்நகருக்கு நிலையான ஓர் இடம் உண்டு. ஆனால், தமிழரின் வரலாற்றைத் தேடிப் புகுவோர் கல்லூரி வாயிலைக் கடந்து, பேராங், களும்பாங், கெர்லிங் என்று இருகரையிலும் விரிந்து கிடந்த பால்மரத் தோட்டங்களின் லயங்களுக்குப் பின்னே செல்ல வேண்டும். லயத்தின் முன்புறம் பிரட்டுக்களம் நோக்கிய உலகம். அங்குக் கிராணியும் மண்டோரும் அதிகாரம் செலுத்தினர். பின்புறமோ தொழிலாளியின் சொந்த உலகம். நான்கு பாத்தி கீரை, ஒரு முருங்கை, அதற்கும் அப்பால் ஒரு மாட்டுக் கொட்டகை.

அக்கொட்டகையில் நின்ற மாட்டைப் பற்றி எழும் கேள்வி ஒன்று உண்டு. மிகப் பழைய கேள்வி. எளிய கேள்வி போலவும் தோன்றும். "இது யாருடைய மாடு?" என்பதே அது. அக்கேள்விக்கு விடை காணத் தமிழர் போர் செய்திருக்கின்றனர், கல் நட்டிருக்கின்றனர், மாட்டின் தோலில் தீயால் எழுதியிருக்கின்றனர். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அதே கேள்வி ஆய்வுக்கூடத்தின் கண்ணாடிக் குழாய்க்குள் சென்று சேர்ந்தது. இடைப்பட்ட பயணம் நெடியது. சுவையும் வேதனையும் கலந்தது.

தமிழ் இலக்கணம் போரைப் பற்றிப் பேசத் தொடங்கும்போதே மாட்டில்தான் தொடங்குகிறது. பகைவரின் ஆநிரையைக் கவர்தல் வெட்சி. கவர்ந்து சென்றதை மீட்டல் கரந்தை. மண்ணுக்காகச் செய்யும் போர் அதற்குப் பின்னரே வருகிறது. 2006 ஆம் ஆண்டில் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் கண்டெடுக்கப்பட்ட நடுகற்களுள் ஒன்று, தமிழி எழுத்தில், ஆகோளில் உயிர்விட்ட ஒருவனைக் குறிக்கிறது. செங்கம் வட்டாரத்தில் கிடைத்த பல்லவர் கால நடுகற்கள் இச்செய்தியையே மீண்டும் மீண்டும் சொல்கின்றன. எடுத்தனூர்க் கல்லில் வீரனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்பது அந்நாயின் பெயர். தலைவன் வீழ்ந்த பின்னும் அது கள்வரைக் கடித்துக் காவல் நின்றதாகக் கல்வெட்டுக் கூறுகிறது. தன் மாடு எது, பிறர் மாடு எது என்பதை அறிந்த சாட்சிகளுள் தமிழக வரலாறு பெயர் சொல்லிப் போற்றும் முதற் சாட்சி ஒரு நாய் என்றால் மிகையாகாது.

நிரையை மீட்ட பின் அதனைப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டுமல்லவா? அங்கேதான் அடையாளம் தேவைப்படுகிறது. கௌடிலியரின் அர்த்தசாத்திரம் ஆநிரைக் கண்காணிப்பாளனுக்கு வகுத்த கடமைகளுள், ஒவ்வொரு மாட்டின் சூட்டுக்குறி, இயற்கைக்குறி, நிறம், கொம்பின் வேறுபாடு ஆகியவற்றை ஏட்டில் பதிதலும் ஒன்று. மகாபாரதத்திலும் துரியோதனன் கன்றுகளை எண்ணிக் குறியிடப் போவதாகச் சொல்லித்தான் காட்டுக்குப் புறப்படுகிறான். அவன் உள்ளக்கிடக்கை வேறாயினும், அரசன் ஒருவன் அக்காரணத்தைச் சொல்லிப் புறப்படுவது அந்நாளில் இயல்பாகவே இருந்தது என்பது தெளிவு.

ஏடறியாத உழவன் இதே பணியைக் கண்ணால் செய்தான். மயிலை, செவலை, காரி, பில்லை என நிறத்துக்கொரு பெயர். கொம்பு விரிந்ததா, குவிந்ததா, முன் சாய்ந்ததா என்பதற்கொரு சொல். இவற்றுக்கெல்லாம் மேலாகச் சுழி. மாட்டின் நெற்றியிலும் திமிலிலும் முதுகிலும் மயிர் சுழன்று நிற்கும் இடத்தைப் பார்த்து, இது குடும்பத்துக்கு ஆகும், இது ஆகாது என்று தரகர் விலை பேசினர். நன்மை தீமை பற்றிய நம்பிக்கையை ஒதுக்கிவிடலாம். ஆனால், சுழி மாட்டுக்கு மாடு வேறுபடுகிறது என்பதும், கன்று வளர்ந்தாலும் அது இடம் மாறுவதில்லை என்பதும் உண்மை. அழியாத, பிறவியிலேயே அமைந்த குறியைத் தேடிய கண் அது. இன்றைய அறிவியல் தேடுவதும் அதனையே. காவிரிக் கழிமுகத்து உம்பளச்சேரி மாடுகளுக்கோ மனிதக் குறியும் சேர்ந்தது. கொம்பைத் தீய்த்து, காது மடலை அறுத்து, உடலில் சூடும் இடுவது அப்பகுதி வழக்கம். அறுபட்ட காதைத் தொலைவில் கண்டே அது எந்த நாட்டு மாடு என்று சொல்லிவிடலாம்.

அந்தத் தஞ்சை மண்ணிலிருந்தும், திருச்சி, சேலம், வட ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்தும் கங்காணி வழியாக மலாயாவுக்கு வந்தவர்களே தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோர். அவர்களோடு இந்திய மாடுகளும் கடல் கடந்தன. சில வண்டியிழுக்க வந்தவை. ஈயமும் சரக்கும் ஏற்றிச் சாலைகளில் அசைந்து சென்றவை. சில பாலுக்காக வந்தவை. இவை ஒன்றோடொன்று கலந்து, நாளடைவில் உள்நாட்டு இந்தியப் பால்மாடு எனத் தனிப்பெயர் பெற்றன. நெடுங்காலமாக இம்மண்ணுக்குரியதாகிய கெடா-கிளாந்தான் மாடு உருவிற் சிறியது, வெயிலுக்கும் உண்ணிக்கும் அஞ்சாதது, இறைச்சிக்கு உகந்தது. தோட்டத்துத் தமிழர் பெரிதும் வளர்த்தது முன்னதையே. பாலை விற்றனர்; சாணத்தைப் பாத்திக்கிட்டனர்; கிடேரிக் கன்றை வைத்துக்கொண்டு காளைக் கன்றை விற்றனர்.

அவ்விற்பனை பற்றி ஒரு சொல். மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வண்ணம் தீட்டிய கையே பிறிதொரு நாள் அதே மாட்டின் கயிற்றை இறைச்சி வணிகரிடம் கொடுத்தது. ஹஜ்ஜுப் பெருநாளை ஒட்டி நல்ல விலை கிடைத்தது. வீட்டுப் பெண்கள் அன்று கொட்டகைப் பக்கம் வராமல் இருந்துவிடுவர். இதைப் பற்றித் தோட்டத்து மக்கள் அதிகம் பேசியதில்லை, எழுதியவர்களும் தயங்கியிருக்கின்றனர். மகளின் திருமணமும் மகனின் பள்ளிச் செலவும் அந்தக் கயிற்றில் தொங்கின என்பதே நடப்பு. நாட்கூலி வாங்கும் குடும்பத்துக்கு வங்கிக் கணக்கில்லை, மாடுதான் இருந்தது. ஆகவே மாடு காணாமற்போதல் என்பது, பல ஆண்டுச் சேமிப்பு ஓரிரவில் காணாமற்போதல்.

காணாமற்போன மாட்டைக் கண்டுபிடித்த பின்னரும் தொல்லை தீர்வதில்லை. அது தன்னுடையதே என மெய்ப்பிக்க வேண்டும். "பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வரும்" என்பதே பெரும்பாலான தொழிலாளிகளிடம் இருந்த சான்று. அது உண்மையான சான்றுதான். ஆயினும் வழக்குமன்றக் கோப்பில் அதனைச் செருக முடியாது. மற்றொருவன் அதே செவலை மாட்டைக் காட்டி, "இது நான் வாங்கியது" என்று சொன்னால், சொல்லுக்குச் சொல் எதிர் நிற்கும். எழுதிய சீட்டு உடையவன் வெல்வான். தோட்டத்துத் தொழிலாளி சீட்டு எழுதிக் கன்றைப் பெற்றவனல்லன்; அது அவன் கொட்டகையில் பிறந்தது.

மலாயா வரலாற்றில் ஒரு முரண் இங்குக் குறிப்பிடத்தக்கது. இந்நாட்டில் மாட்டுக்கு எண் வருவதற்கு நெடுநாள் முன்பே மனிதனுக்கு எண் வந்துவிட்டது. 1948 இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது, பன்னிரண்டு வயதைக் கடந்தோர் யாவரும் புகைப்படமும் பெருவிரல் ரேகையும் பதித்த அடையாள அட்டை பெறவேண்டும் என ஆணை பிறந்தது. 1952 மார்ச்சு 25 ஆம் நாள் தஞ்சோங் மாலிம் அருகே நீர்க்குழாயைச் செப்பனிடச் சென்ற குழு தாக்கப்பட்டு 12 பேர் மாண்டனர். உயர் ஆணையர் ஜெரால்ட் டெம்பிளர் நேரில் வந்து, நாளொன்றுக்கு 22 மணி நேர ஊரடங்கை விதித்து, அரிசிப் பங்கீட்டையும் குறைத்தார். வீடுதோறும் வினாத்தாள் கொடுத்து, தெரிந்ததை எழுதச் செய்து, முத்திரையிட்ட பெட்டிகளில் திரட்டினார். ஓர் ஊர் முழுவதையும் ஐயத்துக்குரியதாகக் கொண்டு அடையாளம் தேடிய செயல் அது. யார் எவர் என்று அறிய அரசு அத்துணை முயன்ற இவ்வூரில், லயத்துப் பின்கட்டு மாடு எவருடையது என்பதை அறியப் பெயர் சொல்லி அழைப்பதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை.

பின்னர்க் காலம் மாறியது. அயலார் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. 1969 இல் குடியுரிமை இல்லாதார்க்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது, சிவப்பு அட்டை வைத்திருந்த பலர் மாட்டையும் மனையையும் விற்றுவிட்டுக் கப்பலேறினர். பால்மரம் வெட்டப்பட்ட இடத்தில் செம்பனை எழுந்தது. செம்பனைக் கன்றை மாடு கடிக்கும் என்று சொல்லி மாட்டை விலக்கிய நிருவாகங்களும் உண்டு. பிற்காலத்தில் செம்பனைக்கு அடியில் வளரும் புல்லை மேய மாடு உதவும் என்று கண்டு, தாமே மந்தை வளர்த்த நிறுவனங்களும் உண்டு. 1994 இல் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது. வழிப்போக்கருக்கு அது வரம். மாட்டுக் கள்வனுக்கும் அவ்வாறே. முன்பு களவு போன மாடு நடந்து போயிற்று. குளம்படியைப் பின்பற்றி ஆற்றங்கரை வரையாவது தேடலாம். இப்போது லாரியில் ஏறிய மாடு விடியுமுன் மூன்று மாநிலங்களைக் கடந்துவிடுகிறது. அதனினும் கொடியது, செம்பனைக் காட்டிலேயே மாட்டை வெட்டி, இறைச்சியை மட்டும் எடுத்துக்கொண்டு, தலையையும் தோலையும் குடலையும் விட்டுச் செல்லும் களவு. பெயர் சொல்லி அழைக்க அங்கே மாடு இல்லை. காதுப்பட்டை அறுத்தெறியப்பட்டிருக்கும். சூட்டுக்குறி தோலோடு கிடக்கும். இறைச்சியில் அது இராது.

தோலையும் காதையும் தாண்டி, இறைச்சித் துண்டிலும் எலும்பிலும் மயிரிலும் ஒருங்கே எழுதப்பட்ட குறி ஒன்று வேண்டும். அக்குறியைத் தேடிய வரலாறு வேறு நாடுகளில் நிகழ்ந்தது.

1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் பீட்டர்சன் என்ற ஆய்வாளர், மனிதனுக்கு விரல் ரேகை போல மாட்டுக்கு மூக்கு ரேகை உண்டு என்று காட்டினார். ஈரத்தைத் துடைத்து, மை தடவி, தாளில் ஒற்றினால் பள்ளமும் மேடுமாகப் பதியும் அவ்வடிவம் மாட்டுக்கு மாடு மாறுபடும். 1940களில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மாட்டின் இரத்த வகைகளை ஆராய்ந்தனர். மனிதருக்கு அறியப்பட்டவற்றைவிட மாட்டின் இரத்த வகைகள் பன்மடங்கு பல்கியிருந்தமையால், கன்றுக்குத் தந்தை எனச் சொல்லப்படும் காளை உண்மையில் தந்தையா என்பதை ஓரளவு சொல்ல முடிந்தது. சினை ஊசி பரவிய காலத்தில், விலையுயர்ந்த காளையின் பெயரால் வேறொன்றின் விந்து விற்கப்படாமல் தடுக்க இது பயன்பட்டது.

அவ்வாய்வில் ஒரு வியப்பும் வெளிப்பட்டது. 1945 இல் ரே ஓவன் என்பவர், இரட்டைக் கன்றுகள் ஒன்றின் இரத்த அணுவை மற்றொன்று வாழ்நாள் முழுதும் சுமந்து திரிவதைக் கண்டார். கருவில் இரண்டின் நஞ்சுக்கொடிக் குழாய்களும் இணைந்துவிடுவதே காரணம். ஆதலின், இரட்டையாகப் பிறந்த மாட்டின் இரத்தத்தை மட்டும் சோதித்தால் இரண்டு மாடுகள் பேசும். மயிரின் வேரைச் சோதித்தால்தான் உண்மையான ஒன்று பேசும். இன்றும் ஆய்வுக்கூடங்கள் வால் மயிரை வேரோடு பிடுங்கி அனுப்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

1984 செப்டம்பரில் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ், டி.என்.ஏ. எனப்படும் மரபுப் பொருளில் ஆளுக்கு ஆள் வேறுபடும் வரிசைகளைக் கண்டு, அதனை மரபணு ரேகை என்றார். அவ்வாய்வு முதன்முதலில் உதவியது கொலை வழக்குக்கன்று. 1985 இல், கானாவிலிருந்து திரும்பிய சிறுவன் ஒருவனைக் குடிநுழைவு அதிகாரிகள் ஐயுற்றபோது, அவன் தன் தாயின் மகனே என்று நிறுவுவதற்கே அது முதற்கண் பயன்பட்டது. தாளில் இல்லாத உறவை உடல் சொல்லிற்று. குடியுரிமைத் தாள் இன்றி அலைந்த மலேசியத் தமிழர் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி இது. பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகளின் காலந்தாழ்ந்த பதிவுக்குப் பெற்றோரோடு டி.என்.ஏ. ஒப்பீடு கேட்கப்படுவது இந்நாட்டிலும் உண்டு.

மாட்டுக்கு இதனைப் பயன்படுத்தும் முறையை எளிமையாகக் கூறலாம். டி.என்.ஏ. என்பது நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட நெடுஞ்சுவடி. அதன் சில இடங்களில் இரண்டு எழுத்துகள், கிளிப்பிள்ளை சொல்வது போல, மீண்டும் மீண்டும் வரும். ஒரு மாட்டில் 12 முறை. மற்றொன்றில் 17 முறை. வேறொன்றில் 21 முறை. ஒவ்வோர் இடத்திலும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரு எண்கள் மாட்டுக்கு உண்டு. ஓரிடத்தை மட்டும் பார்த்தால் பல மாடுகள் ஒத்துப்போகும். பன்னிரண்டு இடங்களைச் சேர்த்துப் பார்த்தாலோ, உறவற்ற இரு மாடுகள் தற்செயலாக எல்லா எண்களிலும் ஒத்திருக்கும் வாய்ப்பு கோடியில் ஒன்றுக்கும் குறைவாகிவிடும். உலக விலங்கு மரபியல் சங்கம் இதற்கென இடங்களை வரையறுத்து, எல்லா நாட்டு ஆய்வுக்கூடங்களும் ஒரே மொழியில் பேசச் செய்தது. அண்மைக் காலத்தில், எண்ணுக்குப் பதிலாக ஓரெழுத்து மாற்றங்களை நூற்றுக்கணக்கில் பார்க்கும் முறை மேலோங்கி வருகிறது. 2009 இல் மாட்டின் மரபுச் சுவடி முழுவதும் படித்து வெளியிடப்பட்ட பின் அது எளிதாயிற்று. அதற்குத் தன் உடலைத் தந்த ஹெரிஃபோர்டு இனப் பசுவின் பெயர் டாமினெட். கோவிவனைப் போல இதற்கும் பெயர் நிலைத்தது.

இங்கு மூன்று வினாக்களைப் பிரித்தறிதல் வேண்டும். செய்தித்தாள்கள் பெரும்பாலும் குழப்பிவிடுகின்றன. இது மாட்டிறைச்சியா, எருமையா, ஆடா என்பது ஒரு வினா. இது எந்த இன மாடு என்பது மற்றொன்று. இது எந்த மாடு என்பது மூன்றாவது. முதல் வினாவுக்கு விடை எளிது. ஹைதராபாத்து ஆய்வாளர்கள் இருபதாண்டுகளுக்கு முன்பே எவ்விலங்கின் தசையையும் இனங்காணும் பொதுமுறை ஒன்றை வகுத்தனர். 2013 இல் அயர்லாந்தில் மாட்டிறைச்சி எனப் பெயரிட்ட உணவில் குதிரையிறைச்சி இருப்பதைக் காட்டிக்கொடுத்ததும் முதல்வகைச் சோதனையே. மூன்றாவது வினாவுக்கோ சோதனைக் குழாய் மட்டும் போதாது. களவு போன மாட்டின் மாதிரி ஏற்கெனவே எங்கேனும் இருந்தால்தான் ஒப்பிட முடியும். இரண்டு துண்டுகள் ஒரே மாட்டைச் சேர்ந்தவை என்று டி.என்.ஏ. சொல்லும். அந்த மாடு யாருடையது என்று அது ஒருபோதும் சொல்லாது.

எனினும், உரிமையாளன் முற்றிலும் கைவிடப்பட்டவன் அல்லன். செம்பனைக் காட்டில் கள்வன் விட்டுச்சென்ற தோலே ஒரு மாதிரி. அது கடையில் கைப்பற்றப்பட்ட இறைச்சியோடு ஒத்துப்போனால் வழக்கு நிற்கும். 2001 இல் அர்ஜென்டினா நாட்டு ஆய்வாளர்கள் மாட்டுத் திருட்டு வழக்கொன்றில் டி.என்.ஏ. ஒப்பீட்டைப் பயன்படுத்தியதை எழுதி வெளியிட்டனர். தென்னாப்பிரிக்காவில் கால்நடைத் திருட்டுக்கென்று 1959 முதலே தனிச்சட்டம் உண்டு. காவல்துறையில் தனிப்பிரிவும் உண்டு. அங்கு மரபணு ஆய்வுக்கூடத்தின் அறிக்கை வழக்குமன்றம் ஏறுவது வழக்கமாகிவிட்டது. இன்னொரு வழியும் உளது. கன்று களவு போய்த் தாய் கொட்டகையில் நின்றால், அத்தாயே சாட்சி. தாய் களவு போய்க் கன்று நின்றால், அக்கன்றே சாட்சி. தன் கொட்டகையில் பிறந்தது என்பதைத் தவிர வேறு சீட்டில்லாத தொழிலாளிக்கு, அந்தப் பிறப்பே சீட்டாகிவிடுகிறது.

இதிலும் ஒரு சிக்கலைச் சொல்லாமல் விடுவது முறையன்று. சிறு தோட்டங்களில் ஊருக்கெல்லாம் ஒரே காளை. பசுக்கள் வேறாயினும் கன்றுகள் யாவும் ஒரு தந்தை மக்கள். அவற்றின் கன்றுகளும் பல வேளைகளில் அக்காளைக்கே பிறந்தவை. இத்தகைய மந்தையில் எண்கள் நெருங்கி ஒத்துப்போகும். கோடியில் ஒன்று என்ற கணக்கு அங்குச் செல்லாது. கூடுதல் இடங்களைப் பார்த்தே முடிவு கூற வேண்டும். அறிக்கையைப் படிக்கும் வழக்கறிஞர் இதனை அறிந்திருப்பது நலம்.

மாட்டைத் தனித்தனியே தொடர்ந்தறியும் முயற்சியை உலகம் முழுதும் விரைவுபடுத்தியது களவன்று, நோய். 1986 இல் பிரிட்டனில் மாடுகள் நிலைகுலைந்து வீழும் மூளைநோய் கண்டறியப்பட்டது. இறந்த விலங்குகளின் எலும்பும் தசையும் அரைத்த தீவனத்தால் அது பரவியது. புல் தின்னும் பிராணிக்கு இறைச்சி ஊட்டிய வணிக மூளைக்கு என்ன நோய் என்று எவரும் பெயரிடவில்லை! 1996 மார்ச்சு 20 ஆம் நாள், அந்நோய் மனிதருக்கும் தொற்றியிருக்கக் கூடும் என்று பிரிட்டன் அரசு அறிவித்தது. காலப்போக்கில் அந்நாட்டில் 170க்கும் மேற்பட்டோர் அதனால் மாண்டனர். இலட்சக்கணக்கான மாடுகள் கொன்று எரிக்கப்பட்டன. அவ்வாண்டிலேயே அங்கு மாட்டுக்குக் கடப்பிதழ் வந்தது. 2000 ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் இரு காதிலும் பட்டை, கடப்பிதழ், பண்ணைப் பதிவேடு, கணினிக் களஞ்சியம் ஆகிய நான்கையும் கட்டாயமாக்கியது.

ஆனால், பட்டை விழும். தாள் பொய் சொல்லும். இதனை மெய்ப்பித்தது 2003 டிசம்பர் 23 இல் அமெரிக்கா அறிவித்த செய்தி. வாஷிங்டன் மாநிலத்து மாப்டன் என்னும் ஊரில் ஒரு பால்மாட்டுக்கு அந்நோய் இருந்தது. அறிவிப்பு வெளியான சில நாளில் பல நாடுகள் அமெரிக்க இறைச்சிக்குக் கதவடைத்தன. காதுப்பட்டையைத் தொடர்ந்து சென்றபோது, அப்பசு 2001 இல் கனடாவிலிருந்து வந்த 81 மாடுகளுள் ஒன்று எனத் தெரிந்தது. ஆனால், இரு நாட்டுப் பதிவேடுகளும் அதன் வயதில் மாறுபட்டன. அமெரிக்கத் தாள் அதற்கு நான்கு வயதைச் சற்றே கடந்தது என்றது. கனடாத் தாள் ஆறரை என்றது. அந்த இரண்டு ஆண்டுகளில் ஒரு பெரும் வணிகமே அடங்கியிருந்தது. இறைச்சித் தீவனத்துக்கு இரு நாடுகளும் தடை விதித்தது 1997 ஆகஸ்டில். பசு அதற்கு முன் பிறந்ததாயின், பழைய தீவனத்தின் பழைய பாவம்; பின் பிறந்ததாயின், தடையே பயனற்றது. இறுதியில், இறந்த பசுவின் மூளைத் திசுவிலிருந்து எடுத்த டி.என்.ஏ., அதன் தந்தைக் காளையின் சேமிக்கப்பட்ட விந்து உள்ளிட்ட உறவு மாதிரிகளோடு ஒப்பிடப்பட்டது. 2004 சனவரி 6 இல் விடை வந்தது. அது அல்பர்ட்டா மாநிலத்தில் 1997 ஏப்ரலில் பிறந்த பசுவே. மாடும் உயிரோடில்லை, அதன் சொந்த மாதிரியும் முன்பு எவரும் எடுத்து வைக்கவில்லை, உறவு மட்டுமே பேசியது.

ஜப்பான் இதனினும் ஒரு படி மேலே சென்றது. 2003 இல் அங்கு இயற்றிய சட்டப்படி ஒவ்வொரு மாட்டுக்கும் பத்திலக்க எண். வெட்டுமிடத்தில் ஒவ்வொன்றின் சிறு மாதிரியும் சேமிக்கப்பட்டு, கடையில் விற்கும் துண்டு அதே மாட்டினதுதானா என அவ்வப்போது டி.என்.ஏ. வழியே சரிபார்க்கப்படுகிறது. தென்கொரியாவும் அவ்வழியே சென்றது. அயர்லாந்தில் டிரினிட்டிக் கல்லூரியில் கிளைத்த நிறுவனம் ஒன்று இதனையே வணிகமாக்கிற்று. அரைத்த இறைச்சியில் மட்டும் யாவரும் இடர்ப்படுகின்றனர். ஒரு பொட்டலத்துக்குள் பல மாடுகள் கலந்திருக்கும்.

இந்தியாவில் இப்போது மாடுகளின் காதில் பன்னிரண்டு இலக்க மஞ்சள் பட்டை தொங்குகிறது. ஆஸ்திரேலியா 2005 முதல் நாடெங்கும் மின்னணுப் பட்டையைக் கட்டாயமாக்கியது. அங்கிருந்து உயிரோடு கப்பலேறும் மாடு எந்நாட்டில், எந்தக் கூடத்தில் வெட்டப்படுகிறது என்பதுவரை தொடர வேண்டும் என 2011 இல் விதி செய்தது. மலேசியாவுக்கு வரும் மாடும் அவ்விதிக்கு உட்பட்டதே. ஆகவே, ஆஸ்திரேலிய மாடு தன் வரலாற்றைக் காதில் சுமந்தபடி இந்நாட்டுக்குள் வருகிறது; இங்கேயே பிறந்த மாட்டுக்கு அத்துணை வரலாறு எழுதப்படுவதில்லை.

மலேசியா உண்ணும் மாட்டிறைச்சியில் பெரும்பகுதி வெளியிலிருந்து வருவது. அதில் இந்திய எருமை இறைச்சியின் பங்கு மிகுதி. 2020 ஆம் ஆண்டின் இறுதியில், இறக்குமதி இறைச்சிக்குப் போலி ஹலால் முத்திரை ஒட்டிய செய்தி ஜொகூரிலிருந்து வெளிப்பட்டு நாட்டைக் கலக்கியது. தீபகற்பத்தில் கோமாரி நோய் இன்னும் அவ்வப்போது தலைகாட்டுகிறது. மாடுகள் மாநிலம் விட்டு மாநிலம் அனுமதிச் சீட்டோடு மட்டுமே நகர வேண்டும் என்பதற்கு அதுவே காரணம். நோயை ஆராய 1948 முதல் ஈப்போவில் கால்நடை ஆய்வுக் கழகம் இயங்கி வருகிறது. அடையாள அட்டை மனிதருக்கு வந்த அதே ஆண்டில் தோன்றிய நிலையம் அது. அறிவுக்கும் கருவிக்கும் இந்நாட்டில் குறைவில்லை. மாதிரியை எடுத்து வைப்பவர் யார், அதற்குச் செலவு செய்பவர் யார் என்பதில்தான் ஏற்றத்தாழ்வு இருக்கிறது. ஆயிரம் மாடு வளர்க்கும் நிறுவனத்துக்கு ஒவ்வொன்றின் மயிர் வேரையும் உறையிலிட்டுச் சேமிப்பது சிறு செலவு. மூன்று மாடு வைத்திருப்பவருக்கு அது ஒரு மாதத்துப் பால் காசு. களவில் முழுமையாக அழிபவரோ பின்னவரே.

தஞ்சோங் மாலிம் வட்டாரத்தில் லயங்கள் பல மறைந்துவிட்டன. தோட்ட நிலங்களில் வீடமைப்பும், கார்த் தொழிற்சாலையை மையமாகக் கொண்ட நகரும் எழுந்துள்ளன. எஞ்சிய செம்பனைத் தோட்டங்களின் நிழலில் மாடுகள் இன்றும் மேய்கின்றன. அவற்றின் காதில் பட்டை பொருத்தும் கருவியில் இப்போது புதிய வகை ஒன்று வந்துள்ளது. பட்டை காதில் ஏறும் அதே நொடியில், கடுகளவு காது மடல் துண்டிக்கப்பட்டு, எண்ணிட்ட சிறு குழாய்க்குள் விழுந்து மூடிக்கொள்கிறது. பட்டையிலும் குழாயிலும் ஒரே எண். உம்பளச்சேரிக் கன்றின் காதை அறுத்த அந்நாளைய உழவர்கள் அறுத்த துண்டைக் கொட்டகை ஓரத்தில் எறிந்துவிட்டனர். காதில் தெரியும் வெட்டையே அவர்கள் அடையாளமாகக் கொண்டனர். இன்று ஆய்வுக்கூடம் கேட்பது அந்தத் துண்டைத்தான்.